மூன்று விசில்

ராஜபாளையத்தில் சித்தப்பா வீட்டு அடுப்படியில் குக்கர் ஏறினால், மூன்று விசில் வந்ததும் அணைக்கும் பொறுப்பு எப்போதும் சித்தப்பாவுடையது. மில்லில் ஃபிட்டர் வேலை. எண்ணிக்கையில் தவறாத ஆள். அன்றைக்கும் துணி காயப்போட மாடி ஏறும்போது சித்தி, "மூணு வந்ததும் அணைச்சிருங்க" என்று சொல்லிவிட்டுத்தான் போனாள். மாடியில் நின்று அவளே எண்ணியிருக்கிறாள். நாலு, அஞ்சு, ஆறு. ஏழாவது விசிலுக்கு ஓடி இறங்கி வந்தால், அடுப்படி நிலைக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு சித்தப்பா பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார். டிவி ஓடிக்கொண்டிருக்கிறது.

"கூப்பிட்டாலும் திரும்ப மாட்டேங்காக, சொன்னாலும் மனசுல நிக்க மாட்டேங்குது. ஆளு வீட்டுலதான் இருக்காக, நெனப்பு எங்கயோ இருக்கு" என்று அன்றிரவு போனில் சித்தி அழுதாள். மூளைக்காய்ச்சல் வந்து பிழைத்து வீட்டுக்கு வந்து அப்போது ஆறு வாரம் ஆகியிருந்தது. நானும் அப்படித்தான் நினைத்தேன். மூளையைத் தொட்ட நோய், கொஞ்ச நாள் மந்தமாகத்தான் இருக்கும் என்று ஆறுதல் சொன்னேன். அது தப்பான ஆறுதல்.

சித்தப்பாவுக்கு மறதி இருந்தது உண்மை. ஆனால் அந்த விசில் விஷயத்தில் அவர் மறக்கவில்லை. அவருக்குக் கேட்கவில்லை.

இந்த நோயைப் பற்றி எழுதுகிறவர்கள் எல்லோரும் முதல் மூன்று நாள்களைப் பற்றியே எழுதுகிறார்கள். காய்ச்சல், ஓட்டம், ஆம்புலன்ஸ், ஐ.சி.யூ. கதவு. அது தேவைதான். ஆனால் ஆஸ்பத்திரியில் இரண்டு வாரம் இருந்த நோய்க்கு வீட்டில் ஒரு வருஷம் வேலை இருக்கிறது. அந்த ஒரு வருஷத்தை யாரும் எங்களுக்குச் சொல்லித்தரவில்லை.

தொடக்கத்தையும் சொல்லியாக வேண்டும். சித்தப்பாவுக்குச் சின்ன வயதிலிருந்தே இடது காதில் சீழ் வடியும். பூண்டு போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெயை வெதுவெதுப்பாக ஊற்றிப் பஞ்சு வைப்பது அவருடைய அம்மா காலத்து வைத்தியம். ஐம்பது வயது தாண்டியும் அதுதான் ஓடியது. நடுக்காதுக்கு மேல்கூரையாக இருப்பது மெல்லிய எலும்பு. அதற்கு அந்தப்பக்கம் மூளையின் உறை. பல வருஷமாகச் சீழ்பிடித்த காது, அந்தக் கூரையை அரித்துக் கிருமிக்கு வழிவிடலாம். போதாததற்குச் சர்க்கரை நோய். அதுவும் உடம்பை இந்தக் கிருமிகளுக்குத் தோதாக்கிவிடும்.

சித்திரை வெயிலில் இரண்டு நாள் காய்ச்சலும் தலைவலியும். மெடிக்கலில் மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு ஷிப்ட்டுக்குப் போனார். மூன்றாம் நாள் காலையில் சட்டைப் பொத்தானைப் பார்க்கத் தலையைக் குனிய முடியவில்லை. கழுத்து மரக்கட்டை மாதிரி நின்றது. மத்தியானத்துக்குள் சித்தியைப் பார்த்துச் செத்துப்போன தங்கச்சி பேரைச் சொல்லிக் கூப்பிட்டார். அதற்கப்புறம்தான் 108-க்கு போன் போனது. உள்ளூரில் முதல் ஊசியைப் போட்டு, ஸ்ரீவில்லிபுத்தூர், கிருஷ்ணன்கோவில், டி.கல்லுப்பட்டி, திருமங்கலம் என்று மதுரைக்கு அனுப்பினார்கள். சுமார் 85 கிலோமீட்டர். வழியெல்லாம் சித்தி இருக்கன்குடி மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டே போனாளாம்.

காய்ச்சல், கழுத்து விறைப்பு, நினைவு தடுமாறுதல் மூன்றும் சேர்ந்து இருந்தால்தான் மூளைக்காய்ச்சல் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது. நெதர்லாந்தில் 696 நோய் நிகழ்வுகளை வைத்துச் செய்து 2004-இல் வெளியான ஆய்வில் மூன்றும் ஒன்றாக இருந்தவர்கள் 44 சதவீதம்தான். தலைவலியையும் சேர்த்து நான்கில் குறைந்தது இரண்டு இருந்தவர்கள் 95 சதவீதம். அதாவது, காய்ச்சலோடு தாங்க முடியாத தலைவலி இருந்து, ஆள் ஒரு மாதிரி பேசுகிறார் என்றாலே போதும், அந்த மூன்றும் கூடும்வரை காத்திருக்க வேண்டியதில்லை. நாங்கள் காத்திருந்தோம்.

நம் பக்கத்தில் மூளைக்காய்ச்சல் என்ற ஒரே பேரில் பல நோய்களைச் சொல்கிறோம். கொசுவால் வரும் ஜப்பானிய மூளைக்காய்ச்சல் வேறு. அது வைரஸ், மூளையையே தாக்குவது. சித்தப்பாவுக்கு வந்தது மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கிற உறையில் பாக்டீரியா புகுந்து அழற்சி உண்டாக்குவது. மருத்துவர்கள் பேச்சில் மெனிஞ்சைட்டிஸ், அதாவது மூளையுறைக் காய்ச்சல். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் நிமோகாக்கஸ் கிருமி. நிமோனியாவுக்கும் காதுச் சீழுக்கும் காரணமான அதே கிருமிதான்.

எந்தக் கிருமி என்று பார்க்க முதுகில் ஊசி போட்டு நீர் எடுக்க வேண்டும். அங்கேதான் எங்கள் குடும்பத்தில் முதல் சண்டை. "முதுகுத் தண்ணி எடுத்தா இடுப்பு விழுந்துரும், கையெழுத்துப் போடாத" என்று பெரியப்பா தடுத்தார். இந்தப் பயம் எங்கள் விருதுநகர் மாவட்டத்துக்கு மட்டும் சொந்தமில்லை, தமிழ்நாடு முழுக்க இருக்கிறது. பயிற்சி மருத்துவர் ஒருத்தி, எங்கள் ஊர்ப் பேத்தி வயது இருக்கும், பெரியப்பாவை நிற்கவைத்து அவர் முதுகிலேயே விரலால் காட்டினாள். "தாத்தா, தண்டுவடம் இங்கயே முடிஞ்சிருது. நாங்க குத்துறது அதுக்குக் கீழ. அங்க தண்ணியும் நரம்பு இழையும்தான் இருக்கு, ஊசி போனா இழை விலகிக்கிடும்." ஹைன்ரிச் குவின்கே என்ற ஜெர்மன் மருத்துவர் 1891-இல் தொடங்கிவைத்த முறை அது. நல்ல உடம்பில் அந்த நீர் குடிதண்ணீர் போலத் தெளிவாக இருக்கும். சித்தப்பாவுடையது அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி வந்தது. பெரியப்பா அதைப் பார்த்துவிட்டு வெளியே போய் உட்கார்ந்துகொண்டார். அப்புறம் எதற்கும் தடை சொல்லவில்லை.

ஆன்டிபயாட்டிக்கோடு டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டும் போட்டார்கள். கிருமி சாகும்போது அதன் உடைசல்களை எதிர்த்து உடம்பு கிளப்புகிற வீக்கமே மூளையையும் காதையும் அதிகம் கெடுக்கிறது. ஸ்டீராய்டு அந்த வீக்கத்தை அடக்க. 2002-இல் ஐரோப்பாவில் 301 பேரிடம் நடந்த சோதனையில் இறப்பு 15 சதவீதத்திலிருந்து 7 ஆகக் குறைந்தது. ஆன்டிபயாட்டிக்குக்குச் சற்று முன்னால் அல்லது கூடவே போட்டால்தான் அந்தப் பலன். இந்த நோயில் ஆறு பேரில் ஒருவர் இறக்கிறார், ஐந்தில் ஒருவருக்குக் கடுமையான பின்விளைவு தங்குகிறது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. சித்தப்பா பிழைத்தார். பதினாறாம் நாள் சொந்தக் காலில் நடந்து வந்து காரில் ஏறினார்.

அந்த நடைதான் எங்களை ஏமாற்றியது.

வீடு வந்த மறுநாளிலிருந்து ஆட்கள். ராஜபாளையத்தில் நாலு தெருக் கூட்டம், ஸ்ரீவில்லிபுத்தூரில் சித்தி பிறந்த வீட்டுக் கூட்டம், மில் ஆட்கள். வருகிறவர்கள் ஹார்லிக்ஸ் பாட்டிலோடு வந்தார்கள். ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர்கள் பால்கோவாவோடு வந்தார்கள். 2019-இல் புவிசார் குறியீடு வாங்கிய பால்கோவா. அதைக் கையில் எடுக்காமல் ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரர் சம்பந்தி வீட்டுப் படியேற மாட்டார். சர்க்கரை நோயாளிக்கு எதிரே ஒரு வாரத்தில் பதினொரு டப்பா அடுக்கியிருந்தது. எல்லாம் அக்கம்பக்கத்துப் பிள்ளைகள் வயிற்றுக்குப் போயிற்று. வந்தவர்கள் போகும்போது ஒரே வார்த்தையைத்தான் சொன்னார்கள்: "ஆளு பாக்க நல்லாத்தான இருக்காரு!"

நல்லாத்தான் இருந்தார். ஆனால் குளித்துவிட்டு வந்தால் முக்கால் மணி நேரம் படுக்க வேண்டியிருந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில் பேசினால் எழுந்து உள்ளே போய்விடுவார். கடையில் இருநூறு ரூபாய் கொடுத்து மீதி வாங்கினால் எண்ணிக்கொண்டே நிற்பார், பின்னால் நிற்கிறவர்கள் முணுமுணுப்பார்கள். ஒருநாள் உப்பு கூடிப்போனது என்று தட்டைத் தூக்கி எறிந்தார். இருபத்தாறு வருஷத்தில் சித்தி பார்க்காத கோபம். எறிந்துவிட்டு அவரே உட்கார்ந்து அழுதார். இந்த நோயிலிருந்து மீண்ட பெரியவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்குச் சிந்தனை வேகம் குறைகிறது, நினைவாற்றல் தளர்கிறது என்று பின்தொடர்ந்து பார்த்த ஆய்வுகள் சொல்கின்றன. நல்லபடியாகக் குணமானார் என்று எழுதி அனுப்பப்பட்டவர்களும் அதில் உண்டு. அறிவு போவதில்லை, வேகம் போகிறது. கேள்விக்குப் பதில் உள்ளே இருக்கும், வெளியே வர நேரம் எடுக்கும். அந்த நேரத்தைக் கொடுக்காமல் நாமே பதிலை எடுத்துக் கொடுத்தால், அவர் தேடுவதையே விட்டுவிடுவார்.

ராஜபாளையத்துக்குக் கிழக்கே கொஞ்ச தூரத்தில் சத்திரப்பட்டி. நாட்டின் பல மூலைகளுக்கும் வெளிநாட்டுக்கும் பேண்டேஜ் துணி நெய்து அனுப்புகிற ஊர். வீட்டுக்கு வீடு தறிச் சத்தம். சித்தப்பாவின் கையில் அந்தத் துணியில் ஒரு முழம் சுற்றித் தொங்கவிட்டிருந்தால் போதும், பார்க்க வந்த ஒருவர்கூடக் கால் மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்திருக்க மாட்டார், மில்லில் சூப்பர்வைசர் "எப்ப வேலைக்கு வாரீரு?" என்று இரண்டாம் வாரமே போன் பண்ணியிருக்க மாட்டார். மூளைக்கு யாரும் கட்டுப் போட முடியாது.

காது விஷயத்துக்கு வருகிறேன். சித்தப்பாவே அதைச் சொல்லாததற்குக் காரணம் உண்டு. ஸ்பின்னிங்கில் முப்பது வருஷம் ரிங் ஃபிரேம் இரைச்சலுக்குள் நின்ற மனுஷன். கூட வேலை பார்த்தவர்களில் பாதிப் பேர் காது மந்தம். தனக்கும் வந்துவிட்டது, அவ்வளவுதான் என்று இருந்துவிட்டார். போதாததற்கு இடது காதில் எந்நேரமும் வண்டு ரீங்காரம். அதையும் மில் சத்தத்தின் மிச்சம் என்றே எடுத்துக்கொண்டார். விசில் நடந்த வாரம் நான் ஊருக்குப் போனபோது தற்செயலாக ஒன்று கவனித்தேன். முகத்தைப் பார்த்துப் பேசினால் சரியாகப் பதில் சொல்கிறார். முதுகுக்குப் பின்னால் இருந்து கூப்பிட்டால் இல்லை. இடது பக்கம் இருந்து கூப்பிட்டால் வலது பக்கம் திரும்புகிறார்.

காது மருத்துவர் ஆடியோகிராம் எடுத்தார். இடது காது ஏறக்குறைய முழுதாகப் போயிருந்தது. வலது காதில் பேச்சு கேட்கிறது, கீச்சென்ற மேல்சத்தங்கள் மட்டும் இல்லை. குக்கர் விசில் அந்தக் கணக்கில்தான் வரும். அவர் அடுத்துக் கேட்ட கேள்வி எங்களைக் குத்தியது. "டிஸ்சார்ஜ் ஆகும்போதே காது டெஸ்ட் எடுக்கலையா?"

எடுக்கவில்லை. டிஸ்சார்ஜ் சீட்டில் ஆறு மாத்திரையும், இரண்டு வாரம் கழித்து வந்து காட்டுங்கள் என்ற ஒரு வரியும் இருந்தன. எந்த ஆஸ்பத்திரி என்று இங்கே சொல்லப்போவதில்லை. அங்கேதான் அவர் உயிரைக் காப்பாற்றினார்கள். ஆனால் இந்த ஒரு வரி அந்தச் சீட்டில் இருந்திருக்க வேண்டும். உலக சுகாதார நிறுவனம் 2025 ஏப்ரலில் வெளியிட்ட மூளையுறைக் காய்ச்சல் வழிகாட்டியில், எந்த வயதானாலும் வீட்டுக்கு அனுப்பும் முன்பே செவித்திறன் பரிசோதனை செய்ய வேண்டும், முடியாவிட்டால் நான்கு வாரத்துக்குள் செய்ய வேண்டும் என்று இருக்கிறது.

அவசரத்துக்குக் காரணம் உள்காதில் இருக்கிறது. நத்தைக்கூடு போலச் சுருண்ட உறுப்பு அது; உள்ளே திரவம். கிருமி அங்கே புகுந்து அழற்சி உண்டாக்கிவிட்டுப் போனபின், அந்தத் திரவம் இருந்த இடத்தில் எலும்பு வளரத் தொடங்கலாம். வாரக் கணக்கில்கூட அது நடக்கும். காக்ளியர் இம்பிளான்ட் என்கிற செயற்கைச் செவியை வைக்க வேண்டுமென்றால் அந்தச் சுருளுக்குள் மெல்லிய கம்பியை நுழைக்க வேண்டும். எலும்பு அடைத்துக்கொண்டால் கம்பி போகாது. மற்ற காரணங்களால் காது கேளாமல் போனவர்களில் பெரும்பாலோருக்கு இந்தக் கெடு இல்லை. சித்தப்பாவின் ஸ்கேனில் இடது நத்தையில் எலும்பு கட்டத் தொடங்கியிருந்தது. வலது காதில் பேச்சுக் கேட்பதால் அதற்கு மிஷின் வைத்துச் சமாளிக்கலாம் என்று முடிவானது. இடது பக்கத்துக்குப் பல லட்சம் செலவழித்து முயல அவர் சம்மதிக்கவில்லை.

குழந்தையாக இருந்திருந்தால் கதை வேறு. ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் காக்ளியர் இம்பிளான்ட் செய்கிறார்கள். மூளைக்காய்ச்சலில் பிழைத்த பிள்ளை "பேசவே மாட்டேங்குது, சொன்ன பேச்சைக் கேக்க மாட்டேங்குது" என்று இருந்தால், அடம் என்று அடிப்பதற்கு முன்னால் காதைப் பாருங்கள்.

ஒரு காதில் மட்டும் கேட்கிறவருக்குச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தெரியாது. இரண்டு காதுக்கும் ஒலி வந்து சேரும் சிறு வித்தியாசத்தை வைத்துத்தான் மூளை திசையைக் கணிக்கிறது. ராஜபாளையம் காந்தி சிலை ரவுண்டானாவில் தென்காசி பஸ் ஹாரன் அடித்தால் அவர் எந்தப் பக்கம் ஒதுங்குவார்? சைக்கிளை எடுத்துப் பூட்டினோம். ரோட்டில் அவருக்கு இடது பக்கம் ஒருத்தர் கூட நடப்பது என்று வழக்கமாயிற்று. பேசும்போது டிவியை அணைப்பது, வலது பக்கம் வந்து முகம் தெரிய உட்கார்வது, ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேட்பது. இதெல்லாம் பெரிய சிகிச்சை இல்லை. ஆனால் சீரியல் ஓடும் நேரத்தில் டிவியை அணைக்கவைப்பது, என் அனுபவத்தில், முதுகுத் தண்ணி எடுக்கச் சம்மதிக்கவைப்பதைவிடச் சிரமம்.

நோட்டு ஒன்று வாங்கிக் கொடுத்தோம். மாத்திரை போட்ட நேரம், வந்தவர் பேர், இன்றைக்குச் செய்த வேலை. மில் லாக் புத்தகம் எழுதிப் பழகியவர் அல்லவா, கட்டம் போட்டு எழுதினார். ஆஸ்பத்திரியில் ஒருமுறை வலிப்பு வந்ததால் அதற்கும் மாத்திரை உண்டு. அதை நாமாக நிறுத்தக் கூடாது. வலிப்பு வந்தால் கையில் இரும்புச் சாவி கொடுக்கச் சொல்லிப் பக்கத்து வீட்டுப் பாட்டி சாவிக்கொத்தைக் கொண்டுவந்து ஆணியில் மாட்டிவிட்டுப் போனாள். சாவி அங்கேயே தொங்குகிறது, பாட்டி மனசு நோகக்கூடாது என்று. செய்ய வேண்டியதை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருக்கிறோம்: ஒருக்களித்துப் படுக்கவை, வாயில் எதையும் திணிக்காதே, கடிகாரத்தைப் பார், ஐந்து நிமிஷம் தாண்டினால் 108.

நடை தள்ளாடியதற்கு, 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் இயன்முறைப் பயிற்சியாளர் வீட்டுக்கே வந்தார். 2021 ஆகஸ்ட் 5-ஆம் தேதி கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிய இந்தத் திட்டத்தைப் பிரஷர், சுகர் மாத்திரை கொடுப்பது என்று மட்டுமே பலரும் நினைக்கிறார்கள். ஒற்றைக்காலில் நிற்பது, சுவரைத் தொட்டுக்கொண்டு கோட்டில் நடப்பது, தலையைத் திருப்பிக்கொண்டே நடப்பது என்று அவர் சொல்லிக்கொடுத்தது, உள்காதில் தொலைந்த சமநிலையைக் கண்ணும் காலும் ஈடுகட்டப் பழகுவதற்கு. சம்பளத்துக்கு ஈ.எஸ்.ஐ. இருந்தது: வருஷத்தில் 91 நாள் வரை சம்பளத்தில் 70 சதவீதம். தொண்ணூற்றிரண்டாம் நாளைப் பற்றிச் சித்தி எண்பதாம் நாளிலிருந்தே தூங்காமல் இருந்தாள்.

சித்தியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். நோயாளியைப் பார்க்க வந்த எவரும் அவளைப் பார்க்கவில்லை. நாலாம் மாதம் அவளுக்குப் பிரஷர் 170 காட்டியது. வந்தவர்களுக்குக் காபி போட்டே அவளுக்கு இடுப்பு விட்டுப்போனது. பார்க்க வந்தவர்கள் நூறு பேர் இருக்கும். இருக்க வந்தவர்கள் மூன்று பேர்: ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து அவளுடைய அக்கா, செவ்வாய்க்கிழமைதோறும்; மில்லிலிருந்து ஒரு நண்பர், ஞாயிறு காலை சித்தப்பாவை வேட்டி கட்டவைத்து நடக்கக் கூட்டிப்போக; மாதத்தில் இரண்டு சனிக்கிழமை, நான். அக்கா வரும் நாளில் சித்தி செய்வது ஒன்றுதான். கதவைச் சாத்திக்கொண்டு தூங்குவாள்.

"ஒட்டிக்கிருமா?" என்று காதோடு கேட்டவர்களும் உண்டு. சித்தப்பாவுக்கு வந்த நிமோகாக்கஸில், கூட இருந்தவர்களுக்குத் தடுப்பு மருந்து தேவைப்படுவதில்லை. மெனிங்கோகாக்கஸ் என்ற கிருமியாக இருந்தால் ஒரே வீட்டில் புழங்கியவர்களுக்கு உடனே மாத்திரை உண்டு. 1966, 1985, 2005 என்று டெல்லியில் கொள்ளையாக வந்தது அதுதான். ஹஜ் போகிறவர்கள் ஊசி போட்டுக்கொண்டு போவதும் அதற்காகத்தான்.

தடுப்பூசி என்றதும் நம் ஊர்ப் பெருமை ஒன்று இருக்கிறது. குழந்தைகளுக்கு மூளையுறைக் காய்ச்சல் கொடுத்துவந்த ஹிப் கிருமிக்கான தடுப்பூசி அடங்கிய பென்டாவேலன்ட்டை இந்தியாவில் முதலில் அரசு திட்டத்தில் சேர்த்தவை தமிழ்நாடும் கேரளமும், 2011 டிசம்பரில். அதற்கு எதிர்ப்பும் இருந்தது. நம் நாட்டில் இந்தக் கிருமிகள் பெரிய பிரச்சினையே இல்லை என்று சொல்லப்பட்ட காலத்தில், வேலூர் சி.எம்.சி.யின் குரியன் தாமஸ் உள்ளிட்டோர் பல ஊர் மருத்துவமனைகளைச் சேர்த்துக் கிருமிகளை எண்ணி, நிமோகாக்கஸ் பற்றிய முடிவுகளை 1999-இல் 'லான்செட்' இதழில் வெளியிட்டார்கள். நிமோகாக்கஸ் தடுப்பூசி 2021-இல் இங்கே இலவசப் பட்டியலில் சேர்ந்தது: ஆறாவது வாரம், பதினான்காவது வாரம், ஒன்பதாவது மாதம். சித்தப்பா வயதுக்காரர்களுக்கு அந்தப் பட்டியலில் இடமில்லை. பெரியவர்களுக்கான ஊசியைக் காசு கொடுத்துத்தான் போட்டுக்கொண்டார், காதுக்கு ஆபரேஷன் செய்து, நடுக்காதின் மேல்கூரையில் விழுந்திருந்த ஓட்டையை அடைத்தபின்.

ஸ்ரீவில்லிபுத்தூர் ஆடிப்பூரத் தேர் அவருக்குப் பிடித்த நாள். நோய் வந்த வருஷம் போகவில்லை. கூட்டமும் கொட்டும் வேட்டும் அவருக்கு ஒற்றைக் காதில் ஒரே கூழாகத்தான் கேட்டிருக்கும். இந்த வருஷம் போனார். ரத வீதியில் மச்சினி வீட்டு மாடியில் நாற்காலி போட்டு, வலது காது தெருவைப் பார்க்க உட்கார்ந்து, மிஷினைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். "சத்தம் வேண்டாம் தம்பி. தேரு கண்ணுக்குத்தான" என்றார். வேலைக்கும் போகிறார். ரிங் ஃபிரேமுக்கு அல்ல, ஸ்டோருக்கு. மத்தியானம் சாப்பிட்டதும் அரை மணி நேரம் பஞ்சுப் பொதி மேல் சாய்ந்துகொள்ள அனுமதி. கோபம் குறைந்திருக்கிறது. பேர்கள் இன்னும் மெதுவாகத்தான் வருகின்றன. என் மகள் பேரை ஒவ்வொரு தடவையும் இரண்டாவது முயற்சியில் பிடிக்கிறார். அவள் காத்திருக்கப் பழகிவிட்டாள்.

போன வாரம் போயிருந்தேன். சித்தி மாடிக்குப் போனாள். ஒன்றும் சொல்லிவிட்டுப் போகவில்லை. சித்தப்பா நாற்காலியை அடுப்புக்கு நேரே திருப்பிப் போட்டார். பேப்பர் கையில் இல்லை. குக்கர் குண்டு மேலே எழும்பி ஆவி பீறிட்டபோது சுண்டுவிரலை மடக்கினார். அடுத்தது மோதிர விரல். நான் ஏதோ கேட்க வாயெடுத்தேன். பேசாதே என்று இடது கையைக் காட்டினார். நடுவிரலை மடக்கிவிட்டு எழுந்துபோய் அடுப்பை அணைத்தார்.